மூன்று கட்டத்து வாத்தியார்

சரவணம்பட்டியில் தண்ணீர்ப் பம்புகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்று. அங்கே கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதும் தமயந்திக்குக் காலி டீக் கப்புக்கு இருக்கிற மரியாதைதான்.

பாடம் நடத்த வந்தார் டாக்டர் சக்கரபாணி. "இனிமே யாரும் புரோகிராம் எழுத வேண்டாம். கட்டமும் அம்புமா மாடல் வரைஞ்சா போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டரே எழுதிடும்" என்றார். பின்வரிசையில் எம்.டி. யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்வையாலேயே தேடிக்கொண்டிருந்தார்.

"தண்ணியில்லாம பம்பு ஓடினா மாடல் என்ன பண்ணுமுங்க சார்?" என்றாள் தமயந்தி.

"நல்ல கேள்வி. அடுத்த பாடத்துல வரும்."

அடுத்த பாடத்திலும் தான் வரைந்த மாடலைக் காட்டி விடாமல் கேட்டாள்.

"உன் மாடலே தப்பு! கான்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் இது ஏறாது. நாளைக்கு உருப்படியா ஒண்ணு வரைஞ்சு காட்டு, இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே."

மறுநாள் வரைந்து வந்தாள். மூன்றே கட்டம். கம்ப்யூட்டரும் அதைப் புரோகிராமாக எழுதித் தந்தது. எம்.டி. ஆவலாக ஒரு கேள்வியைத் தட்டினார். "நல்ல கேள்வி" என்றது திரை. மறுபடி தட்டினார். "அடுத்த பாடத்துல வரும்." இன்னொரு தரம் தட்டினார். "உன் மாடலே தப்பு!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்போதே சக்கரபாணியை அனுப்பிவிட்டார் எம்.டி.

"பலே! இதே மாதிரி உன்னையும் வரைஞ்சிட்டா, நீயும் வேண்டாமில்ல?" என்றார் தமயந்தியிடம்.

"வேண்டாமுங்க சார். உங்களையும் வரைஞ்சு பார்த்தேனுங்க, ஒரே கட்டம்தான். எதைத் தட்டினாலும் 'அடுத்து யாரை அனுப்பலாம்?'னு கேக்குது."

தமயந்தி அன்றைக்கே போனாள். சிரித்தவர்கள் அடுத்த மாதம் போனார்கள்.