செண்பகம் பேனாவில் ஒரு குறை

"குறை சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை மேஸ்திரியம்மா. பிறகு நான் எப்படி மேஸ்திரி ஆவது?"

சவரிராயன் பட்டறை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டார்.

பாளையங்கோட்டையில் செண்பகம் பேனா செய்கிற பட்டறை அது. மேஸ்திரியம்மா மரகதவல்லிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சிஷ்யர் சவரிராயனுக்கோ பாதித் தலை நரைத்துவிட்டது. வயசுக்கு மரியாதை கொடுத்து அவள் அவரை அண்ணே என்பாள். தொழிலுக்கு மரியாதை கொடுத்து அவர் அவளை அம்மா என்பார்.

செண்பகத்தைப் பற்றி இந்த ஊர்க்காரன் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? கறுகறு என்று, எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கடைந்த உடம்பு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

ஆதியில் அது வெறும் குழாய்தான். ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். சட்டைப் பையெல்லாம் மை, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன என்று குதித்தார். பேனாவில் மூடியைத் திருகுகிற மரை இரண்டு பங்கு நீளமானது அன்றைக்குத்தான். பிறகு ஒரு நர்ஸம்மா, விரல் வேர்த்து நிப்பு மேலேயே வழுக்குகிறது என்றாள். பிடிக்கிற இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மேடு வந்தது. சாய்வு மேஜையில் உருண்டு உருண்டு விழுகிறது என்று கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் புலம்பித் தீர்த்தார். மூடியில் கிளிப் இருக்கிறதே, அது அவர் புண்ணியம்.

ஆக, எங்கள் பேனாவை உட்கார்ந்து வரைந்தவன் என்று ஒருத்தன் கிடையாது. திட்டினவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த பேனா அது. எந்தச் சீமைப் பேனாவை வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுங்கள், எனக்கு இந்தக் கர்வம் போகாது.

அதனால் பட்டறையில் ஒரு வழக்கம். எழுதுகிற ஒருவருடைய குறையைக் கேட்டு, செண்பகத்தில் ஒன்றைத் திருத்துகிறவர்தான் மேஸ்திரி. நிப்புக்கு அடியில் மை இறங்குகிற வழியைத் திருத்தித்தான் மரகதவல்லி மேஸ்திரி ஆனாள்.

சவரிராயனுக்கு அந்தப் பட்டத்தின் மேல் ஆசை. ஆசை என்ன ஆசை, ஏக்கம் என்றே சொல்லலாம். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேஸ்திரியாகித் தனிப்பட்டறையே போட்டுவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் சிஷ்யர்.

முதலில் மூடியில் ஒரு தங்க வளையம் போட்டுக்கொண்டு வந்தார். இதை யார் கேட்டார்கள் என்றாள் அவள். அப்புறம் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஒரு இடம் விடாமல் அலைந்தார். எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பேனான்னா இதுதான்யா பேனா என்றார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படித்தான் வாசலில் வந்து நின்றார்.

மரகதவல்லி மேஜையில் கிடந்த ஒரு செண்பகத்தை எடுத்து அவரைப் பார்த்து விட்டெறிந்தாள்.

சவரிராயன் சட்டென்று பிடித்தார். இடது கையால்.

பிடித்ததும் முகம் செத்துப்போனது.

பிறவியிலேயே அவர் இடக்கைக்காரர். ஒண்ணாம் வகுப்பில் பிரம்படி பட்டு வலக்கைக்கு மாறியவர். மாறி என்ன, ஒவ்வொரு எழுத்தும் நொண்டி நொண்டித்தான் நடக்கும். பேனாப் பட்டறையில் இது தெரிந்தால் மானம் போய்விடும் என்று இத்தனை காலம் மூடி மறைத்திருந்தார். கடைசல் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் தப்பித்தார்.

"அந்தக் கையாலேயே எழுதுங்கண்ணே."

எழுதினார். நிப்பு கீறியது. இரண்டாவது வரியில் காகிதம் கிழிந்தே விட்டது.

பேனாவைக் கீழே வைத்தார். "என் கை சரியில்லைம்மா. பேனாவைச் சொன்னா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும்."

"கூடம் கோணலாவும் இருக்கலாம்லா?"

சவரிராயன் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, இந்தத் தடவை மெதுவாக எழுதினார். வலது கை நிப்பை இழுத்துக்கொண்டு போகிறது. இடது கை தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது முனையின் ஓரம் காகிதத்தில் பாய்கிறது.

அவருக்குக் கோபம் வந்தது. வாங்கின அடியெல்லாம் சேர்ந்து வந்த கோபம்.

"குத்துதும்மா," என்றார். "இந்தப் பேனா குத்துது."

மரகதவல்லி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து, நிப்பு தேய்க்கிற கல்லுக்கு முன்னால் அவரை உட்கார வைத்தாள்.

தேய்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். இழுத்தாலும் தள்ளினாலும் ஓடுகிற மாதிரி முனையின் ஓரத்தை எல்லாப் பக்கமும் உருட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை.

பிறகு இடது கையால் தன் பேரை எழுதினார். தண்ணீரில் மீன் போகிற மாதிரி போனது. வலது கையால் எழுதினார். அதற்கும் ஒரு குறைச்சலும் இல்லை.

பெருமை தாங்கவில்லை அவருக்கு. பேனாவை அப்படியே குருவிடம் நீட்டினார். நீட்டின பிறகுதான் கவனித்தார், இடது கை. குருவுக்கு யாராவது இடது கையால் கொடுப்பார்களா? பதறிப்போய்க் கையை மாற்றப் போனார்.

மரகதவல்லி தன் இடது கையை நீட்டினாள்.

"அப்படியே கொடுங்க, மேஸ்திரி."