நனைந்த பஞ்சுக்கூடு

மலைச்சரிவில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு நாவல் மரம். அந்த மரத்தில் சிங்காரி என்ற கொண்டைக்குருவி கூடு கட்டத் தொடங்கினாள். போன வருஷம் அவள் இட்ட முட்டைகளைப் பாம்பு விழுங்கிவிட்டது. அதனால் இந்த முறை பாம்பு எட்ட முடியாத நுனிக்கிளையாகப் பார்த்துப் பிடித்தாள்.

கீழே செவலி என்ற செம்மறியாடு மேய்ந்துகொண்டிருந்தாள்.

"சிங்காரி, நுனிக்கிளையில் குளிர்காற்று அடிக்கும். என் முதுகிலிருந்து கொஞ்சம் கம்பளி பிடுங்கிக்கொள்!"

சிங்காரி இறங்கி வந்து மோந்து பார்த்தாள். "சே! என்ன வாடை! பிசுபிசுவென்று எண்ணெய் வேறு! குதிரையின் வால்முடியைப் பார்த்திருக்கிறாயா? எப்படி மின்னுகிறது!"

"மின்னும், ஆனால் வழுக்கும். நேர்முடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. என்னுடையது சுருள்சுருளாக இருக்கிறது, பார். சுருளுக்குள் காற்று தங்கும். காற்று தங்கினால் சூடு தங்கும்."

"அப்படியானால் உள்ளே பருத்திப் பஞ்சு வைப்பேன்! அதைவிட மெத்தென்று எது இருக்கிறது?"

"வெயிலில் மெத்தென்றுதான் இருக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. நாளை மறுநாள் என்னைக் கத்தரிக்க ஆட்கள் வருகிறார்கள். இப்போதே எடுத்துக்கொள், தங்கச்சி!"

"உன் நாற்றம் உனக்கே இருக்கட்டும்!" என்று பறந்துவிட்டாள் சிங்காரி.

பக்கத்து லாயத்துக் குதிரையிடம் கேட்டு வால்முடி வாங்கினாள். லாயத்தில் கிடந்த கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சு எடுத்தாள். கூடு வெள்ளைவெளேரென்று அமைந்தது. மூன்று முட்டைகள் இட்டாள். மூன்றும் பொரிந்தன.

குஞ்சுகளுக்கு ஐந்து நாள் ஆனபோது மழை பிடித்துக்கொண்டது. காற்றில் கூடு ஆட ஆட, குதிரைமுடி முடிச்சுகள் ஒவ்வொன்றாக வழுக்கித் தளர்ந்தன. பஞ்சு சொதசொதவென்று ஊறியது. சிங்காரி சிறகை விரித்துப் பிள்ளைகளை மூடிக்கொண்டாள். ஆனால் குளிர் மேலிருந்து வரவில்லை, அடியிலிருந்து ஏறியது.

மறுநாள் காலை இரண்டு குஞ்சுகள் அசையவில்லை.

கொட்டும் மழையில் அவள் செவலியிடம் பறந்தாள்.

"அக்கா! ஒரு பிடி கம்பளி கொடு அக்கா! ஒரு பிள்ளைதான் மிச்சம்!"

செவலி பாறையடியில் மொட்டை உடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாரடி! எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கே இல்லை. முள்வேலியில் ஏதாவது சிக்கியிருக்கும், ஓடு!"

வேலி நெடுகத் தேடியதில் ஒரு அலகு நிறையக் கிடைத்தது. சேறு படிந்த கம்பளி, அதே வாடை. அதைக் கொண்டுவந்து குஞ்சின்மேல் சுற்றினாள். நனைந்திருந்தும் அது கதகதவென்று இருந்தது. ஆனால் தலையை மூடவே போதவில்லை. குஞ்சு இரண்டு முறை வாயைத் திறந்தது. மாலைக்குள் அதுவும் நின்றுபோயிற்று.

அடுத்த நாள் வெயில் அடித்தது. சிங்காரி மூன்று குஞ்சுகளையும் கூட்டிலிருந்து எடுத்துக் கீழே மண்ணில் கிடத்தினாள். பஞ்சு காய்ந்து, பூப்போல உப்பியது. வழியே போன ஒரு மைனா நின்று பார்த்தது.

"எவ்வளவு அழகான கூடு! காலியாகத்தானே இருக்கிறது?"



கண்ணுக்கு அழகானதை நம்பி, உயிரைக் காப்பதை அருவருத்துத் தள்ளிவிட்டால், ஆபத்து வந்த நாளில் அது கெஞ்சினாலும் கிடைக்காது.