தவிட்டு மேட்டுக்குச் சொன்ன சேதி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது தங்கமணி அக்கா. என் மூத்தவளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்று, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் துணையாக வந்திருந்தார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிச் சொல்லி நாக்கு உலர்ந்து போயிருந்தேன். "சாமிக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு குடு கண்ணு. நான் ஒரு கதை சொல்றேன்" என்றார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மேற்கு மலையில் தவிட்டு மேடு என்று ஒரு குன்று. பெயருக்குத்தான் மேடு, ஏறினால் நெஞ்சு அடைக்கும். மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குப் புல், இடுப்பு உயரத்துக்குத் தவிட்டுச் செடி, அவ்வளவுதான். பங்குனியில் அந்தச் செடி பூத்தால் அடியிலிருந்து உச்சி வரை ஒரே ரோஸ் நிறமாக இருக்கும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. அதில் வரையாடுகள் நிற்கும். மறுபக்கத்து மடிப்பில் ஒரு ஓடையும், அதையொட்டி இருட்டான சோலையும்.

பொழுது சாய்ந்தால் உச்சியிலிருந்து மஞ்சு இறங்கும். மூடுபனிக்கு அங்கே மஞ்சு என்று பேர். இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாது. மேட்டில் இருக்கிற உயிர்களெல்லாம் அப்போது வாயை மூடிக்கொள்ளும். காடை கத்தாது. வண்டு இரையாது.

மேட்டின் பாதியில், ஒரு பெரிய பாறையின் அடியில், பாறைச் சாமி என்று ஒருவர் இருந்தார். அடிவாரத்து நாச்சாள் அவருக்குச் சிஷ்யை. அவளைவிட அவர் பத்து வயது இளையவர். ஆனாலும் அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை ஆத்தா என்பார். தினமும் ராகிக்களி கொண்டுபோவாள். அவர் சாப்பிடுகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். பாடம் அவ்வளவுதான்.

அன்றைக்கு வெறுங்கையோடு போய் நின்றாள்.

"களி எங்கே ஆத்தா? என்மேல கோவமா?"

"சாமி, மேட்டுக்குத் தீ வெக்கணுங்க."

"புதுப் புல்லு வேணுமாக்கும்."

"புல்லுக்கில்லீங்க. என்ற புள்ளைக்கு."

அவளே சொன்னாள்.

அவளுடைய மகள் மயிலாவுக்குப் போன வருஷம் ஏழாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி மேட்டில் ஒரு தவிட்டுச் செடிக்கு அடியில் புதைத்தார்கள். 'மறந்துரு அம்மிணி, எந்திரிச்சு வேலையப் பாரு' என்று எல்லோரும் சொன்னார்கள். நாச்சாள்தான் முதலில் சொன்னாள். மயிலாவும் எழுந்து வேலையைப் பார்த்தாள். இப்போது மறுபடியும் நிறைமாசம். தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

இந்த வருஷத்து மஞ்சு இறங்க ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. அன்றிலிருந்து மேட்டில் ஒரு குழந்தை அழுகிறது.

"நானும் கேட்டனுங்க. நரியோ என்னமோன்னுதான் இருந்தேன். இவ கையில இருக்கற பாத்திரத்தப் போட்டுட்டு எந்திரிச்சுப் போறாளுங்க. 'என்ற புள்ளைக்குப் பசிக்குது'ங்கறா. நேத்து மஞ்சுக்குள்ள போயி, பாறை விளிம்புல நின்னுட்டு இருந்தா. இன்னொரு அடி வெச்சிருந்தா போச்சுங்க. ரெண்டு உசுரு."

சாமி கீழே பார்த்தார். காற்றில்லை. ஆனாலும் செடிகள் கொஞ்சம் அசைந்தன.

"எரிச்சா அந்தச் சத்தம் நின்னுரும்ங்க. நீங்க சரின்னாத்தான் ஊருல கை வெப்பாங்க."

"சரி."

இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"சொல்லிட்டு வை" என்றார்.

அது அந்த ஊர் வழக்கம். மேட்டுக்குத் தீ வைக்க வேண்டும் என்று யார் கேட்டார்களோ, அவர்களே முந்தின நாள் மேடு முழுக்க நடந்து, அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைக்கிற தீ ஊருக்குத் திரும்பும் என்று பயம்.

"எப்படிங்க சொல்றது? எங்க வீட்டுல முன்னெல்லாம் அவருதான் சொல்லுவாரு. இப்ப அவரும் இல்லீங்களே."

"தூங்கறவங்கள எழுப்பிச் சொல்லற மாதிரி சொல்லு."

மறுநாள் மத்தியானம் நாச்சாள் பித்தளைத் தட்டையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டுச் சடையன் வேலியில் கை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்னக்கா, முயலுக்கெல்லாம் அழைப்பு வெக்கப் போறீங்களா? பாக்கு வெத்தல எடுத்துக்கிட்டீங்களா?"

"வாய மூடிட்டு நாளைக்குப் பந்தத்தக் கட்டி வெய்யி."

ஏறும்போது வெயில் இருந்தது. தட்டைத் தட்டினாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அடிவாரத்து நாச்சா சொல்றேன். நாளைக்குத் தீ. குட்டியோட குஞ்சோட எந்திரிச்சுப் போயிருங்க."

ஒரு காடை புல்லுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. வளை ஒன்று கண்ணில் பட்டது. குனிந்து சொன்னாள். புற்று ஒன்று. சற்றுத் தள்ளி நின்று சொன்னாள். பாறைப் பக்கம் வரையாடுகள் வரிசையாக நின்றன. ஆள் வந்தால் ஓடுகிற ஜாதி அது. ஓடவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அத்தனையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன.

வேகமாக நடந்தாள்.

பாதி மேடு தாண்டுவதற்குள் மஞ்சு வந்துவிட்டது. முதலில் உச்சி போயிற்று. பிறகு பூக்களின் நிறம் போயிற்று. பிறகு அவள் கையிலிருந்த தட்டே மங்கலாகத்தான் தெரிந்தது. தட்டினால் சத்தம் தட்டிலிருந்து வராமல் வேறு எங்கிருந்தோ வந்தது.

அப்போதுதான் அழுகை கேட்டது. ரொம்பப் பக்கத்தில்.

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே சத்தத்தை நோக்கிப் போனாள். போகப் போக அது நகரவில்லை. ஒரு தவிட்டுச் செடியின் கிளையை விலக்கினாள். அழுகை நின்றது.

செடிக்கு அடியில் யாரும் இல்லை. புல் மட்டும் ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு நசுங்கிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

போன வருஷம் புதைத்த செடி இதுதானா என்று பார்க்க நினைத்தாள். பார்க்கவில்லை. மஞ்சில் எல்லாச் செடியும் ஒன்று போலத்தான் இருந்தது. தட்டைத் தட்டக் கை வரவில்லை. குரலைத் தணித்து, தூளியில் கிடக்கிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்குத் தீ வெக்கறோம் கண்ணு. எந்திரிச்சுப் போயிரு."

விலக்கிய கிளையை மெல்ல விட்டாள்.

இறங்கினாள். அவளுக்குப் பின்னால் புல் சரசரத்தது. நின்றாள். சத்தமும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. ஒரு காலடி இல்லை, பல காலடி. குளம்பு, நகம், வயிறு தேய்கிற சத்தம். வீட்டு வாசல் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

மயிலா பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்காக மெத்தென்று பழைய நூல்சேலைகளை மடித்துப் போட்ட கூடை அவள் தலைமாட்டில் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நாச்சாள் அதைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள்.

விடிந்து கதவைத் திறந்தாள்.

மஞ்சு முற்றத்தில் நின்றது. ஒரு நாளும் அது அவ்வளவு கீழே இறங்கியதில்லை. ஆட்டுக்கல்லின் ஓரம் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் சாரைப்பாம்பு ஒன்று சுவரோடு சுவராகக் கிடந்தது. முயல் அதைப் பார்க்கவில்லை. தண்ணித் தொட்டியருகே கேளையாடு என்கிற சின்ன ஜாதி மான். வாசற்படியில் காடைகள், குஞ்சுகளோடு. வேலி ஓரம் முள்ளம்பன்றி. அதற்குப் பின்னால் வெள்ளையாக இருந்த மஞ்சுக்குள் இன்னும் எத்தனையோ உருவங்கள். ஒன்றும் கத்தவில்லை. ஒன்றை ஒன்று மிரட்டவில்லை. எல்லாம் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

வெகுதூரம் நடந்து வந்தவர்கள், வீட்டுக்காரர் எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்பது போல.

அப்போது வீட்டுக்குள் குழந்தை அழுதது.

நாச்சாள் உள்ளே திரும்பினாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்குப் போனாள். ஜன்னல் மறுபடி திறந்திருந்தது. மயிலா கட்டிலில் உட்கார்ந்து, கூடைமேல் குனிந்திருந்தாள்.

"மயிலா!"

"சத்தம் போடாதீங்கம்மா. இப்பத்தான் கண் அசருது."

கூடைக்குள் பழைய சேலைமேல் ஒரு காட்டுப்பூனை படுத்திருந்தது. மடியில் குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி காம்பு கிடைக்காமல் அழுதது. பச்சைப் பிள்ளை அழுகைதான். மயிலா விரலால் அதை மெல்ல நகர்த்திவிட்டாள். பூனை அவளைப் பார்த்தது. சீறவில்லை.

"ராத்திரி ஒவ்வொண்ணா வாயில கவ்விட்டு வந்துச்சுங்கம்மா. நாந்தான் ஜன்னலத் திறந்துவிட்டேன். பாவம், எங்க போகும்?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு மயிலாவின் முகம் முகமாக இருந்தது.

குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பிறந்து நாலு நாள்கூட இருக்காது. அப்படியென்றால் மஞ்சு இறங்கிய முதல் நாளிலிருந்து மேட்டில் அழுதது யார் என்று நாச்சாள் நினைத்தாள்.

வெளியே பேச்சுக் குரல். கொளுத்திய எண்ணெய்ப் பந்தங்களோடு ஊர் ஆட்கள் வந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வர ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"அக்கா," என்றான் சடையன். "நெசமாவே அழைச்சுட்டீங்களா?"

ஆட்களுக்கு நடுவிலிருந்து பாறைச் சாமி வந்தார். முயலைத் தாண்டி, காடைக்குஞ்சுகளை மிதிக்காமல் நிதானமாகக் கால் வைத்து, வாசற்படிக்கு வந்து நின்றார். நாச்சாள் கையெடுத்துக் கும்பிட்டபடி அழுதாள்.

"சாமி, என்னங்க இது? நீங்க சொன்ன மாதிரியே சொன்னனுங்க."

"நல்லாச் சொல்லியிருக்கறே ஆத்தா. ஒருத்தர் பாக்கியில்லாம எந்திரிச்சு வந்துட்டாங்க."

"வெளையாடாதீங்க சாமி. நான் போகத்தானுங்க சொன்னேன். என்ற வீட்டுக்கு எதுக்குங்க வந்தாங்க?"

சாமி திரும்பி முற்றத்தைப் பார்த்தார். சோலை இருக்கிற திசையைப் பார்த்தார். அங்கே மஞ்சு மட்டும்தான் தெரிந்தது.

"போகச் சொன்னே. எங்கே போறதுன்னு சொன்னயா?"

நாச்சாளின் கை கும்பிட்டபடியே நின்றது. சடையன் வேலியைத் தாண்டி வந்து, பந்தத்தைத் தண்ணித் தொட்டியில் முக்கினான். சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. கேளையாடு அப்போதும் நகரவில்லை.

உள்ளே அந்த அழுகை இன்னொரு தரம் எழுந்தது. பிறகு, பால் கிடைத்துவிட்டது போல, நின்றது.

தங்கமணி அக்கா இதோடு நிறுத்திவிட்டார். நானும் நிறுத்துகிறேன். கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொல்லையில் சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது, முதலில் ஒரு குச்சியால் அந்தக் குவியலைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துக் கொளுத்துங்கள்.