இருபதாயிரம் தேய்ப்பு

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம்! ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். முதலில் ஒரு கரடி இருபதாயிரம் தடவை முதுகைத் தேய்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கரடியின் சோபா கிழிந்து ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அது குத்தியதில் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். "உட்கார ஒழுங்கான இடம் இருந்தால்தான் மகளை அனுப்புவேன். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன்!" என்று மாமியார் சொல்லியனுப்பினார்.

கரடி துணி வியாபாரி நரியிடம் ஓடிப்போய் சோபாவுக்குப் புது உறை போட்டுக்கொண்டது. செனில் துணி. கம்பளிப்பூச்சி முதுகு போலப் புசுபுசுவென்று இருந்தது.

"நல்லா உழைக்கும் அண்ணே! இருபதாயிரம் தடவை தேய்ச்சாலும் மொட்டையாகாது" என்றது நரி.

"வியாபாரி பேச்சை நம்புவேனா? நானே தேய்ச்சுப் பார்க்கிறேன்!"

ஆனால் கரடிக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது.

"நான் எண்ணுறேன் மாமா!" என்று மரத்திலிருந்து கத்தியது மைனா. யார் குரலிலும் அப்படியே பேசும் மைனா அது.

கரடி சோபாவை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு முதுகைத் தேய்த்தது. சர்ர்ர்... சர்ர்ர்... பத்தொன்பதாயிரத்தில் நரியின் குரல் கேட்டது.

"ஐயையோ அண்ணே! துணியோட போக்குக்கு எதிரா தேய்ச்சிட்டீங்க. இது கணக்குல சேராது. மறுபடி ஒண்ணுலேருந்து!"

முதுகைத் தேய்க்கிறவன் பின்னால் பேசுவது யார் என்று எங்கே பார்க்கப் போகிறான்? "அடச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது கரடி.

மறுநாளும் அதே குரல். "நடுவுல தும்மிட்டீங்களே அண்ணே! ஒண்ணுலேருந்து!"

"தும்மினா என்னய்யா? தும்மலா தேய்ச்சுது?" உறுமியது கரடி. உறுமிக்கொண்டே தேய்த்தது.

வெள்ளிக்கிழமை மாமியார் வந்தார், பின்னால் மனைவி. வழியில் சேர்ந்துகொண்ட நரியும் வாய் நிறைய வெற்றிலையோடு வந்தது. சோபாவில் புசுபுசு எல்லாம் உதிர்ந்து நடுவில் பளபளவென்று வழுக்கை. கரடியின் முதுகிலும்தான்!

"இதுலயா என் பொண்ணு உட்காரணும்? வாடி, போகலாம்!" என்று திரும்பி நடந்தார் மாமியார்.

"யோவ் நரி! உழைக்கும்னியே! துணியைவிட நான்தான்யா உழைச்சேன்!"

"கணக்கு இன்னும் முடியலையே அண்ணே! ஒண்ணுலேருந்து!" என்றது நரியின் குரல்.

கரடி நரியைப் பார்த்தது. நரியின் வாய் வெற்றிலையோடு இறுக மூடியிருந்தது. கரடி மெல்லத் தலையைத் தூக்கி மரக்கிளையைப் பார்த்தது.

ம், இப்போது சிரியுங்கள்!

உட்கார வாங்கியதை உழைக்குமா உழைக்குமா என்று தேய்த்தே தீர்க்கிறவனுக்கு எந்தத் துணியும் உழைக்காது.