நான்காவது மறுநியமனம்

பொன்னுரங்கம் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஓய்வு மட்டும் கிடைத்தபாடில்லை. மழைக்காலம் நெருங்கினால் போதும், அலுவலகத்திலிருந்து மறுநியமன ஆணை வந்துவிடும். ஏரி மதகைத் திறந்து மூட அவரை விட்டால் ஆளே இல்லையாம். இதோ, நான்காவதும் வந்துவிட்டது.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குருவைத் தேடிப் போனார். குரு தாயம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஏரிக்கரையில் தனியே உட்கார்ந்திருந்தார். தூறலும் மூடுபனியுமாக, ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் பேசினால்கூடத் தூக்கத்தில் கேட்பதுபோல இருந்தது.

“அம்மா, உடம்பு ஓஞ்சுபோச்சு. மக வீட்டோட போயிடலாம்னு பார்க்குறேன். ஆனா கீழே அஞ்சு ஊரு இருக்கே! மதகுல ஏதாவது ஆச்சுன்னா என் மனசு தாங்குமா? பழைய ஆணை நாளையோட முடியுது, அதுக்குள்ள பதில் சொல்லணும். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?”

“புதுசா ஆளே போடலையா?”

“மூணு இடம் காலி. ஒருத்திதான் வந்திருக்கா, சுகந்தின்னு பேரு. அவளுக்குக் கத்துக்கொடுக்கத்தான் என்னை வச்சிருக்காங்க.”

“கத்துக்கிட்டாளா?”

“எங்கேம்மா! மூணு வருஷமா பக்கத்துலயேதான் நிக்கிறா. இன்னும் பிடிபடலை.”

அதற்குள் அவருடைய போன் அடித்தது. தண்ணீர் ஏறுகிறது, இரண்டாவது ஷட்டரை அரை அடி தூக்குங்கள் என்று இன்ஜினியரின் உத்தரவு. இருவரும் மதகுக்கு நடந்தார்கள்.

சுகந்தி தயாராக நின்றிருந்தாள். கீழே குளிப்பவர்கள் கரையேறட்டும் என்று மூன்று முறை விசில் ஊதினாள். பொன்னுரங்கம் ஷட்டரின் சக்கரத்தைப் பிடித்தார். உடனே அவள் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். காற்று பலமாக இருந்ததால் இரண்டு கையாலும் பிடித்தாள்.

“எப்பவும் இப்படித்தானா?” என்றார் குரு.

“தங்கமான புள்ளைம்மா. நான் நனைஞ்சா அவளுக்குப் பொறுக்காது.” சொல்லும்போது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

குரு சுகந்தியிடமிருந்து குடையை வாங்கினார். பொன்னுரங்கத்தின் கையைச் சக்கரத்திலிருந்து மெல்ல எடுத்து, குடைக்காம்பை அதில் கொடுத்தார்.

சுகந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு சுற்று. இரண்டு. பனிக்குள் எங்கேயோ தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் குடையோடு சக்கரத்தை நோக்கி ஓர் எட்டு வைத்தார்.

“ஐயோ அம்மா, மூணாவது சுத்துல சிக்கிக்குமே! அவளுக்கு எடுக்கத் தெரியாதே!”

“சிக்கட்டும் பெரியவரே. நீங்க இருக்கும்போதே சிக்கட்டும்.”