ஆபத்துப் படியும் அண்ணாச்சியின் சாட்சியும்

புத்தி உள்ளவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. கடைசியில் என்னைக் குறை சொல்லக் கூடாது.

பனைவிளைப்பேட்டை நகராட்சிச் சந்தையில் பெரிய மளிகைக் கடை தங்கப்பழம் அண்ணாச்சியுடையது. ஆள் கெட்டிக்காரர், கெட்டவர் அல்ல. அவருக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடி போணிதான். காலையில் கடை திறந்ததும் நடக்கும் முதல் வியாபாரம் அவர் கையால்தான் ஆக வேண்டும். முதல் காசை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, கல்லாவில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தராசைத் தொடலாம். காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து போணி பண்ணினார். மகள் கல்யாணத்தன்று மணவறையில் ஐயர் தேட, மனிதர் பட்டு வேட்டியோடு கல்லாவில் இருந்தார். பெற்ற மகனைக்கூட அந்த நேரத்தில் அங்கே உட்கார விட்டதில்லை. "போணியில பொய் கலந்தா கடை வெளங்காது" என்று வேலையாட்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியவரும் அவர்தான்.

அந்தக் கடையில் எடை போடுகிறவள் சொர்ணம். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட நோய்க்காலத்திலும் மளிகைக் கடை மட்டும் திறந்திருந்தது. வயிறு ஊரடங்குக்குக் கட்டுப்படுமா? அண்ணாச்சியும் நாள் தவறாமல் வந்தார். பின்வாசல் வழியாக, சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குள் போய்க் கணக்கைப் பார்ப்பார். முன்பக்கம் முழுக்கச் சொர்ணத்தின் பொறுப்பு. ஷட்டர் தூக்குவது, ஊதுபத்தி கொளுத்துவது, வருகிறவர்களுக்கு நிறுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது, எல்லாம் அவள்தான்.

அவளுக்கு வீட்டை நினைத்தால்தான் பயம். ஒற்றை அறை வீடு. அதில் இளைப்பு நோய்க்கார மாமனார். புருஷன் திருப்பூரில் மாட்டிக்கொண்டான். நாளெல்லாம் நூறு பேர் மூச்சில் நின்றுவிட்டு வந்து அந்தக் கிழவரின் பக்கத்தில்தான் அவள் படுக்க வேண்டும். எதிர்வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. கையில் கூடுதலாகக் கொஞ்சம் வந்தால் அதைப் பிடித்துவிடலாம். வராவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

இந்த நேரத்தில்தான் நகர்மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. நகராட்சி இடத்தில் கடை வைத்திருப்பவர்கள், நோய் தணியும் வரை, வேலையாட்களுக்குச் சம்பளத்துக்கு மேல் மாதந்தோறும் ஆபத்துப் படி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், மன்றம் இரண்டாகப் பிளந்தது.

வியாபாரிகள் சார்பில் அண்ணாச்சி எழுந்தார். "கடை முன்னால கயிறு கட்டியிருக்கேன். மாஸ்க் வாங்கிக் குடுத்திருக்கேன். எங்க கடையில ஒருத்தருக்காவது சீக்கு வந்துச்சா? நானும் தெனமும் கடைக்குத்தான் வாரேன். ஆபத்துன்னா மொதல்ல நான்லா வீட்டுல இருந்திருப்பேன்?"

உறுப்பினர் பிச்சையா மேசையைத் தட்டினார். "பயத்துக்கெல்லாம் படி குடுத்தா, நாளைக்குப் பேய்க்குப் பயப்படுதவனும் மனு எழுதிட்டு வருவான்."

சிரிப்பு அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். சரிபாதி. இனி எல்லாம் தலைவி ஜெயராணி கையில். அந்த அம்மாளுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. கூடவே, அண்ணாச்சி கோபித்துக் கடையைச் சாத்திவிட்டால் ஊர் என்ன தின்னும் என்ற கவலையும் இருந்தது. பின்வரிசையில் வேலையாட்களுக்காக வந்து நின்ற சொர்ணத்தைப் பார்த்தாள்.

"ஆபத்து இருக்குன்னு நீ சொல்லுத. இல்லன்னு அண்ணாச்சி சொல்லுதாரு. நான் எதை நம்ப? ஊரடங்குச் சங்கு ஊதப் போவுது, நீளமாப் பேச நேரமில்ல. அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அதுக்கு அவரு சொல்லுத பதிலை வச்சு நான் முடிவு பண்ணுதேன்."

பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொன்று கிசுகிசுத்தார்கள். கூட்டத்தைப் பற்றிக் கேள் என்றார் ஒருவர். கேட்டால், கயிறு கட்டியிருக்கிறேன் என்பார். கிட்டங்கியில் ஏன் ஒளிகிறீர்கள் என்று கேள் என்றார் இன்னொருவர். கேட்டால், சரக்கை யார் பார்ப்பது என்பார். பேச்சில் அண்ணாச்சியை மடக்க முடியாது என்று சொர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். அவர் எந்த இடத்தில் பேச்சை மாற்ற மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று காலை ஷட்டர் தூக்கியதை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். மரியாதையாக, ஒரே வரியில் கேட்டாள்.

அண்ணாச்சி தம் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் தலைவியின் கை தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்தது.

அப்படியானால் சொர்ணம் கேட்ட அந்த ஒரு கேள்வி என்ன? விடையைப் படிக்குமுன் சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: "அண்ணாச்சி, சீக்கு வந்த பொறவு ஒரு நாளாவது போணி ஒங்க கையால ஆச்சா?" இதுதான் கேள்வி. காய்ச்சலுக்கும் மகள் கல்யாணத்துக்கும் விட்டுக்கொடுக்காததை, பெற்ற மகனுக்கே கொடுக்காததை, சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவர் கிட்டங்கியில் இருந்தார். முன்பக்கத்தில் ஆபத்து இல்லையென்றால் அந்த மனிதர் போணியை விடுவாரா? ஆமாம் என்றால் போணியில் பொய் கலந்ததாகும். அதற்கு அவருக்கு நாக்கு எழாது. "இல்லம்மா, ஒரு நாளும் ஆவல. நீதான் பண்ணுத" என்றார். ஆபத்துக்கு அவரே சாட்சி ஆகிவிட்டார். முதல் படி வந்த அன்றே சொர்ணம் எதிர்வீட்டு அறையைப் பிடித்து, படுக்கையை அங்கே மாற்றிக்கொண்டாள். மாமனார் இரவில் இருமினால் சன்னல் வழியாகக் கேட்கும். இருமல் நிற்கிற வரைக்கும் விழித்திருந்துவிட்டுத்தான் அவள் தூங்குவாள்.