பத்தாயிரத்தைத் தாண்டாத கார்

சத்தியம். ஊர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்கிறேன், சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால், நாளைக்கு நான் போடுகிற வெற்றிலையில் சுண்ணாம்பு தூக்கலாகி நாக்கு வெந்து போகட்டும். உள்ளங்கையில் சூடம் ஏற்றச் சொன்னாலும் ஏற்றுகிறேன், சூடம் நீங்கள் வாங்கி வந்தால்.

சாய்ந்தகுளத்து மாசானம் மூன்று கறவைப் பசுக்களை விற்று ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் வாங்கினான். பழைய வண்டிதான். நாலு பேர் உட்காரலாம். நாலு பேருக்கும் முழங்கால் தாடையில் இடிக்கும். பெட்ரோல் செலவு மிச்சம் என்று பெருமையடித்தான். அதற்கு முன் அவனிடம் சைக்கிள்தான் இருந்தது.

அவன் மனைவி வடிவு காரைச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது எத்தனை லிட்டர் கறக்கும்?" மாசானம் கார் கண்ணாடியைத் துடைத்தான். "மூணு மாடும் தொழுவத்துக்கு வந்த பிறகு சொல்லி அனுப்புங்க, வாரேன். ரெண்டு வந்தாலும் வரமாட்டேன்" என்று அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஆறு மாதம் தன் சமையலைத் தானே தின்ற மாசானம், காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தான். அவனும், அக்கா புருஷன் கொம்பையாவும், பக்கத்து வீட்டு நயினாரும் டவுனுக்குப் போனார்கள். அங்கே பழைய கார் வாங்கி விற்கிற தவசிலிங்கம் அண்ணாச்சி, டீசல் வண்டியை மோந்து பார்த்தே விலை சொல்கிற மகான். எலெக்ட்ரிக் காரை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தார். அதை வெளியே காட்டினால் மகான் பட்டம் என்னாவது?

மீட்டரைப் பார்த்தார். 9,981.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்குள்ள இருந்தா மூணு லட்சம். தாண்டிச்சோ, ரெண்டுதான். வெள்ளிக்கிழமை ஆர்சி புக்கோட வாங்க. அதுவரைக்கும் பேட்டரியச் சூடேற விடாதீங்க, பச்சப்புள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிடணும்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் புத்தகத்தை எடுத்து வரலாம். அதெல்லாம் சாதாரண மூளைக்காரர்கள் செய்கிற காரியம். நம்மவர்கள் பதினாலு கிலோமீட்டரும் காரிலேயே ஊர் திரும்பினார்கள். மீட்டர் 9,995.

அண்ணாச்சி சொல்லைத் தட்டவில்லை. பேட்டரி வண்டிக்கு அடியில் இருப்பதால், மாசானம் மல்லாக்க ஊர்ந்து போய் அதற்குத் திருஷ்டிப்பொட்டு வைத்தான். நயினார் வசம்பு உரைத்து, சார்ஜ் போடுகிற துவாரத்தில் தடவினான். வயிறு பொருமாதாம். தெருவில் யாரும் உரக்கத் தும்மக்கூடாது என்று கொம்பையா உத்தரவு போட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவர்தான் மீட்டரைக் கவனித்தார். "மாப்ளே, இன்னும் அஞ்சுதான் பாக்கி இருக்கு. டவுனு பதினாலுல்லா?"

மாசானத்துக்கு முகம் செத்துவிட்டது. "ரெண்டு லட்சத்துக்கு ரெண்டு மாடுதான் அத்தான் வரும்."

"ரெண்டு மாடு வந்தா, வடிவு மூணுல ரெண்டு பங்கு வருவாளா?" என்று நயினார் கேட்டான்.

"அவ வந்தா முழுசாத்தாம்லே வருவா" என்றான் மாசானம்.

மூவரும் யோசித்தார்கள். நயினார் சொன்னான்: "அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பாலத்துக்கிட்ட நிறுத்துவோம். அண்ணாச்சிய அங்க வரச் சொல்லுவோம்."

"பெரிய மனுசன ரோட்டுக்கு வரச் சொல்லுதது மரியாதையாலே?" என்றார் கொம்பையா. இருந்த ஒரே நல்ல யோசனை இப்படி மரியாதையில் செத்தது.

"டிராக்டர்ல ஏத்திருவமா அத்தான்?"

"அதுக்கும் மீட்டர் இருக்குல்லா மாப்ளே. நம்ம வண்டி விலை குறையக்கூடாதுன்னு அடுத்தவன் வண்டி விலையக் குறைச்சா, பாவம் சும்மா விடுமா?"

என்ன நியாயம், பார்த்தீர்களா. மீட்டர் இல்லாதது மனுஷன் மட்டும்தான் என்று முடிவாயிற்று. கோயில் சப்பரம் தூக்குகிற கம்புகளை எடுத்தார்கள். பதினாறு ஆள் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை கார் தோளேறிப் புறப்பட்டது. வழியில் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு இடத்தில் தேங்காயே உடைத்தார்கள். எந்த ஊர் சாமி என்று யாரோ கேட்டதற்கு, "ஆர்சி புக்கு உள்ள இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றான் நயினார்.

அண்ணாச்சி மீட்டரைப் பார்த்தார். 9,995. திருப்தி. "சரி, பஜாரைச் சுத்தி ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்."

மாசானம் விரல்விட்டு எண்ணினான். அஞ்சு வரை வந்து, ஆறாவது விரலைத் தேடும்போது அவனுக்கு வியர்த்தது.

கொம்பையா அசரவில்லை. "அண்ணாச்சி, இது டீசல் வண்டி இல்ல. கால் கீழ படக்கூடாது. சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்து ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க. மத்தத வண்டி பாத்துக்கிடும்."

"எனக்கே சொல்லித் தாரீரா? தெரியும்வே" என்று அண்ணாச்சி சம்மணம் போட்டார்.

பதினாறு பேரும் தூக்கினார்கள். அண்ணாச்சி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார், ஹாரன் அடித்தார், குறுக்கே வந்த ஆட்டோக்காரனை வைதார். திரும்பி வந்து இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

"எஞ்சின் சத்தமே இல்ல. பள்ளம் மேடு தெரியல. ஆறு கிலோமீட்டர் போயும் பேட்டரி ஒரு பாயிண்டு இறங்கல. கொஞ்சம் மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேக்கு, சர்வீஸ்ல சரி பண்ணிரலாம்." மூன்று லட்சத்தை எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பணத்தோடு, மாடுகளை விற்றிருந்த பால் பண்ணைக்கு நேரே போய், தன்னுடைய மூன்று பசுக்களையும் மாசானம் திரும்ப வாங்கினான். வடிவுக்கும் போன் போட்டாயிற்று. சாயங்கால பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். அவன் கயிற்றைப் பிடித்து நடக்கப் போகையில் கொம்பையா தடுத்தார்.

"நில்லு மாப்ளே. பத்தாயிரத்தத் தாண்டுனதுக்கே காருல ஒரு லட்சம் போகுது. நாளைக்கு இதுகள விக்கதா இருந்தா?"

நியாயம்தானே? கம்புகள் கையில் இருந்தன, தோள்களும் பழகியிருந்தன.

வடிவு பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிரே மூன்று பசுக்கள், தோள்களின் மேல், கழுத்தில் மாலையோடு, அசைபோட்டபடி வந்துகொண்டிருந்தன. முன்கம்பில் புருஷன். ஒரு நிமிஷம் பார்த்தாள். அதே பஸ்ஸில் திரும்ப ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் போய்விட்டது. மாசானம் கம்பை இறக்காமலேயே அழுதான்.

கொம்பையா தட்டிக்கொடுத்தார். "விடு மாப்ளே. உக்காந்துதான போறா. தேய்மானம் இல்ல."

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். வண்டி இப்போதெல்லாம் ஓட ஓட பேட்டரி இறங்குகிறதாம். அண்ணாச்சி அந்தப் பதினாறு பேரையும் தேடிக்கொண்டிருக்கிறார்.